‘மாற்ற முடியாத’ விளக்கில் ஒளிப்பலகையை மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பொருளும் புகாரும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மேசை விளக்கு. கனமான இரும்பு அடிப்பாகம், நினைத்த பக்கம் வளைத்து நிறுத்தக்கூடிய உலோகக் கழுத்து, உச்சியில் உள்ளங்கை அகலத்தில் அலுமினியத் தலை. ஒளி தருவது 9 வாட் எல்இடி. பல்பு என்று தனியாகக் கழற்றி மாற்ற எதுவும் இல்லை. அடியில் ஒட்டியிருந்த தாளில் இப்படி அச்சிட்டிருந்தது: ‘இந்த விளக்கின் ஒளிமூலம் மாற்றத்தக்கதன்று, அதன் ஆயுள் முடிந்ததும் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும்.’

விளக்கு என் பெரியம்மாவுடையது. இரவில் வெகுநேரம் படிப்பவர். கோளாறு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் ஒளித்தட்டின் ஒரு பாதி அணைந்தது. மறுபாதி முன்னைவிடப் பளிச்சென்று எரிந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தப் பாதியும் விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. போட்டதும் எரியும், சற்று நேரத்தில் அணையும், ஆறியதும் மறுபடி எரியும். கடைசியில் அடியோடு நின்றுபோனது. பழுதுபார்க்கும் இடத்தில் அந்தத் தாளைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். “புது விளக்கு வாங்கிவிடலாமே, பெரியம்மா” என்றேன். “கழுத்து சொன்னபடி கேட்கிற விளக்கு இதுதானப்பா. வெளிச்சத்தை மட்டும் மாற்ற முடியாதா, பார்” என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அடிப்பாகம் நன்றாக இருக்கிறது, கழுத்து நன்றாக இருக்கிறது, சுவிட்சும் வயரும் நன்றாக இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறது ஒரு தாள். அந்தத் தாள் சொல்வது உண்மைதானா என்று சோதித்துப் பார்த்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

தாளில் உள்ள வாசகம்

அந்த வாசகம் தயாரிப்பாளர் மனம்போன போக்கில் எழுதியதன்று. விளக்குகளுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 60598, ஒளிமூலங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வாங்கியவரே மாற்றக்கூடியது முதல் வகை. தயாரிப்பாளரோ அவருடைய பணியாளரோ தகுதி பெற்ற வேறொருவரோ மட்டுமே மாற்ற வேண்டியது இரண்டாம் வகை. மாற்றவே முடியாதது மூன்றாம் வகை. விளக்கை நிரந்தரமாகச் சேதப்படுத்தாமல் ஒளிமூலத்தை வெளியே எடுக்க வழியில்லை என்பதுதான் மூன்றாம் வகைக்குப் பொருள். ஆகவே திருகைக் கழற்றிப் பார்த்தால் அந்த வாசகம் மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. 2019/2020 என்ற எண் கொண்ட ஒழுங்குமுறை 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு விளக்கின் ஒளிமூலத்தையும், தனியாக உள்ள கட்டுப்பாட்டுச் சாதனத்தையும், எளிதில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு, நிரந்தரச் சேதமில்லாமல் மாற்ற முடிய வேண்டும் என்கிறது அது. முடியாது என்றால் ஏன் முடியாது என்பதற்கான தொழில்நுட்பக் காரணத்தைத் தயாரிப்பாளர் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. காரணம் காட்டும் பொறுப்பு செய்தவருடையது, வாங்கியவருடையது அன்று.

விளக்கு வேறு, பல்பு வேறு என்ற ஏற்பாடு நூறாண்டுக்கும் மேலாக வழக்கில் இருந்து வந்திருக்கிறது. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு மூடியும், 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு ஊசி மூடியும் எந்த நிறுவனத்தின் பல்பையும் எந்த விளக்கிலும் பொருத்த வழிசெய்தன. 1924இல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் கட்டிவைத்தன. அன்றும் குறைக்கப்பட்டது பல்பின் ஆயுள்தான். விளக்கின் மேல் யாரும் கை வைக்கவில்லை. இன்று எல்இடியைத் தலைக்குள்ளேயே பூட்டிவிட்டதால், ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும் ஒளிமூலம் இருந்தும் அதில் ஒரு சிறு புள்ளி போனால் விளக்கே போகிறது.

திறந்தது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில நிமிடங்கள் காத்திருந்து வேலையைத் தொடங்கினேன். மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடிய அந்த நேரம் தேவை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு யாரும் இதில் இறங்கக் கூடாது. இரண்டு கால் பிளக்கில் சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பது பிளக்கைச் செருகிய வாக்கைப் பொறுத்தது.

அடிப்பாகத்தில் திருகே கண்ணில் படவில்லை. ஒட்டியிருந்த ரப்பர் பாதங்களை நகத்தால் நெம்பியதும் அவற்றுக்கு அடியில் நான்கு திருகுகள் இருந்தன. உள்ளே கைவிரல் நீளத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி: அதுதான் டிரைவர். வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை. இந்த ஆய்வுக்குத் தேவையான செய்தி முழுவதும் அதன் மேல் ஒட்டிய சிறு தாளில் இருந்தது: உள்ளீடு 220–240 வோல்ட், வெளியீடு 24–36 வோல்ட் நேர்மின்சாரம், 300 மில்லிஆம்பியர், வெளியீடு வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்டது, அதாவது இரண்டுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லை. விளக்கின் அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்ட குறியும் இருந்தது. நிலத்தொடர்புக் கம்பி இல்லாமல், இரட்டைக் காப்பையே நம்பிச் செய்த கருவி என்பதற்கு அது அடையாளம். இந்தக் காப்பைக் குலைக்கும் எதையும் செய்வதில்லை என்று அப்போதே உறுதி செய்துகொண்டேன். பின்னால் எடுத்த முடிவுகளில் பல இதைச் சார்ந்தவை.

தலையைத் திறப்பது சற்றுச் சிரமமாக இருந்தது. பால்நிறப் பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் சிலிக்கான் பசை தடவியிருந்தார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் ஓரத்தைச் சுற்றிச் சூடுகாட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் பசை இழுபட்டு விடுகிறது. ஸ்குரூடிரைவரை நுழைத்தால் மூடியின் விளிம்பு உடையும்; அப்போது தாளில் எழுதியிருப்பதை நாமே உண்மையாக்கிவிடுவோம். மூடி முழுதாக வந்தது. அதன் பின்னால் வட்ட வடிவ அலுமினியப் பலகை, மூன்று திருகுகளில் நின்றது. ‘மாற்ற முடியாது’ என்ற கூற்று அங்கேயே அடிபட்டுப் போயிற்று. எதுவும் உடையவில்லை.

பழுது எங்கே

பலகையில் 20 எல்இடிகள். ஒவ்வொன்றும் 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர், 2835 என்று தொழிலில் சொல்லும் அளவு. செம்புத் தடங்களைக் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்ததில் இணைப்பு தெளிந்தது. ஒரு பாதி வட்டத்தில் 10 எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில்; மறு பாதியில் 10. இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று இணையாக. வெள்ளை எல்இடி ஒன்றின் மேல் ஏறக்குறைய 3 வோல்ட் விழும். பத்துக்கு 30 வோல்ட். டிரைவரின் 24–36 எல்லைக்குள் அது சரியாக அமர்கிறது. 300 மில்லிஆம்பியர் இரண்டாகப் பிரிந்து வரிசைக்கு 150 ஆகிறது. 30ஐ 0.3ஆல் பெருக்கினால் 9 வாட். விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணும் அதுவே.

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அணைந்த எல்இடியை உருப்பெருக்கியில் பார்ப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த மஞ்சள் பரப்பைத்தான். முதலில் அணைந்த பாதியில் ஓர் எல்இடியின் மஞ்சள் நடுவே ஊசி முனை குத்தியது போல ஒரு கரும்புள்ளி இருந்தது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றின் முனைகளையும் தொட்டபோது, ஒன்பது மங்கலாகக் கண் விழித்தன. புள்ளி விழுந்தது மட்டும் அசையவில்லை. தொடர் இணைப்பில் ஒன்று அறுந்தால் பத்தும் அணையும். எல்லா மல்டிமீட்டரும் இந்தச் சோதனைக்கு உதவாது. சிலவற்றில் எல்இடியை எரியவைக்கும் அளவுக்கு மின்னழுத்தம் வருவதில்லை.

மறுபாதிதான் யோசிக்க வைத்தது. அங்கே பத்தும் எரிந்தன. ஆனால் அத்தனை மஞ்சள் பரப்புகளும் பழுப்பேறியிருந்தன. மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய மேசைமேல் மின்வழங்கியில் அந்த வரிசையை மட்டும் இணைத்து, 100 மில்லிஆம்பியர் கொடுத்தேன். எரிந்தது, பலகை சூடானது, சட்டென்று அணைந்தது. அணைந்திருக்கும்போதே ஒவ்வோர் எல்இடியின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் பார்த்தேன். ஒன்பதில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் பல வோல்ட் நின்றது. பிளவு அதற்குள் இருக்கிறது. சில்லையும் வெளிமுனையையும் இணைக்கும் மயிரிழை போன்ற கம்பியின் பிடி விட்டிருக்க வேண்டும். ஆறினால் தொடுகிறது, சூடேறி விரிந்தால் பிரிகிறது. பெரியம்மா சொன்ன ‘ஆறியதும் எரிகிறது’ என்ற புகாருக்கு விளக்கம் இதுதான்.

டிரைவரையும் விட்டுவிடவில்லை. பலகையைப் பிரித்துவிட்டு வெளியீட்டில் அளந்தால் 41 வோல்ட். சுமை இல்லாதபோது டிரைவர் தன் உச்சத்துக்கு ஏறி நிற்பது இயல்பு. ஆகவே இந்த எண்ணை வைத்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. சுமையோடு பார்க்க வேண்டும். அதற்காக அறுந்த இரண்டு எல்இடிகளின் முனைகளையும் கம்பித்துண்டு கொண்டு குறுக்கே இணைத்தேன். இரு வரிசையிலும் ஒன்பது ஒன்பதாகி, தட்டு முழுவதும் எரிந்தது. மின்னோட்டம் 298 மில்லிஆம்பியர், அசையாமல் நின்றது. டிரைவர் நலமாக இருக்கிறது.

ஏன் இப்படி ஆனது

இந்த ஆய்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி இது. எல்இடி போனதற்குக் காரணம் வயது அன்று, வெப்பம்.

பழைய இழை பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கமே வீசிவிடும். எல்இடியின் ஒளிக்கற்றையில் வெப்பம் இல்லை என்று சொல்லும்படி இருக்கும். ஆனால் உண்ணும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் சில்லிலேயே வெப்பமாகத் தங்குகிறது. அது பின்பக்கமாக, பலகை வழியே, தலையின் உலோகத்துக்குக் கடந்துபோக வேண்டும். அந்த வழியில் ஓரிடம் அடைபட்டாலும் சில்லு வேகிறது.

பலகையைத் தூக்கியதும் அந்த அடைப்பு கண்ணுக்கே தெரிந்தது. இடையில் தடவிய வெப்பப் பசை நடுவில் ஒரு சிறு திட்டாக மட்டும் இருந்தது. ஓரம் முழுவதும் வெறும் உலோகம். எல்இடிகள் இருப்பதோ ஓரத்தில். நடுத்திட்டும் வறண்டு, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இன்னும் சிறிது பசை தடவியிருந்தால், அல்லது அதே பசையைப் பரப்பித் தடவியிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஒரு பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது எவ்வளவு சிறிய விஷயம் என்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அதன்பின் நடந்தது சங்கிலித் தொடர். சூடேறினால் எல்இடியின் மேல் விழும் மின்னழுத்தம் குறையும். இரண்டு வரிசைகள் இணையாக இருக்கும்போது, சற்றுச் சூடான வரிசை கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும்; அதனால் மேலும் சூடாகும். அதில் ஒன்று அறுந்ததும், டிரைவர் தன் 300 மில்லிஆம்பியரைக் குறைப்பதில்லை. மின்னோட்டத்தை மாறாமல் வைப்பதுதானே அதன் வேலை. மொத்தமும் மறு வரிசையில் பாய்ந்தது. 150க்கு இருந்த இடத்தில் 300. மறுபாதி முன்னைவிடப் பளிச்சென்று எரிந்ததன் காரணம் இது. பாதி அணைந்த எல்இடி விளக்கை அப்படியே எரியவிட்டால் மீதிப் பாதியும் விரைவில் போகும். அந்த நிலையிலேயே நிறுத்தியிருந்தால் ஒரே ஓர் எல்இடியோடு வேலை முடிந்திருக்கும்.

அட்டைப்பெட்டியில் ஆயுள் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால் 13 ஆண்டுகளுக்கும் மேல். இந்த எண் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இத்தகைய எண்களுக்கு வழக்கமான அடிப்படை, எல்இடியின் ஒளி தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலம். எல்எம்-80 என்ற சோதனை முறையில் எல்இடிகளைக் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் குறைந்தது 6,000 மணி நேரம் எரித்துப் பார்க்கிறார்கள். பிறகு கணக்குப் போட்டு அதை நீட்டுகிறார்கள். எல்இடியின் ஒளி எவ்வளவு மங்கும் என்பதற்கான கணக்கு இது. பசை வறளுமா, இணைப்பு விடுமா, டிரைவரின் மின்தேக்கி உலருமா என்பதெல்லாம் அதில் இல்லை.

இருந்த வழிகள்

அறுந்த இரண்டையும் குறுக்கே இணைத்த நிலையிலேயே விளக்கு எரிந்ததே, அப்படியே விட்டுவிட்டால் என்ன? பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இரு வரிசையிலும் ஒவ்வொன்று போயிருந்ததால் சமநிலையும் கெடவில்லை. 27 வோல்ட், டிரைவரின் எல்லைக்குள்தான். ஒரு வரிசையில் மட்டும் ஒன்றைக் குறுக்கே இணைத்தால் நிலைமை வேறு: ஒன்பது உள்ள வரிசை ஏறக்குறைய மொத்த மின்னோட்டத்தையும் விழுங்கி, சீக்கிரமே தானும் கருகும். இந்த விளக்கில் பழுப்பேறிய பத்தும் ஏற்கெனவே இரட்டிப்புச் சுமை தாங்கியவை. அவற்றை நம்பி மூடியை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

எல்இடிகளைத் தனித்தனியாக மாற்றலாம். அலுமினியப் பலகை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் சாதாரண சால்டரிங் அயர்ன் எடுபடாது. பலகையை அடியிலிருந்து சூடாக்கும் தகடு வேண்டும். புதியதும் பழையதும் நிறத்தில் ஒத்துப்போவதும் அரிது.

தலைக்குள் இருப்பதை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு ஒரு பல்பு ஹோல்டரைப் பொருத்துவது பார்வைக்கு மிக எளிய வழி. அதை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். அப்படிச் செய்தால் வீட்டு மின்சாரம் கழுத்து வழியே மேலே போக வேண்டும். கழுத்துக்குள் ஓடுவது குறைந்த மின்னழுத்தத்துக்கான மெல்லிய வயர். வளைத்து வளைத்து அதன் உறை தேய்ந்தால், கையால் பிடித்துத் திருப்பும் உலோகக் கழுத்திலேயே மின்சாரம் ஏறும். நிலத்தொடர்பும் இல்லாத விளக்கு இது. உயிரோடு விளையாடுவதற்கு இதைவிட வழி வேண்டாம்.

ஆக, எஞ்சியது பலகையை முழுதாக மாற்றுவது.

புதிய பலகை

இங்கே பெரும்பாலோர் வாட் எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அது போதாது. 9 வாட் பலகை 9 வோல்ட்டில் 1 ஆம்பியர் கேட்பதாகவும் இருக்கலாம், 30 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் கேட்பதாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டே. டிரைவர் தரும் மின்னோட்டத்தைப் பலகை தாங்க வேண்டும். அந்த மின்னோட்டத்தில் பலகையின் மேல் விழும் மின்னழுத்தம் டிரைவரின் எல்லைக்குள் இருக்க வேண்டும். மின்தடைகளோடு வரும் 12 வோல்ட், 24 வோல்ட் பட்டைகள் மாறா மின்னழுத்தத்துக்குச் செய்தவை. மாறா மின்னோட்ட டிரைவரோடு அவை சேரா.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இதே வட்ட வடிவில், இதே வெள்ளை நிறத்தில், டிரைவரே இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரியும் பலகைகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எல்இடிகளோடு கூடவே மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும், நான்கு கால் கொண்ட கறுப்பு ரெக்டிஃபையரும், சிறு ஐசியும் (மின்சுற்றுச் சில்லு) பலகையிலேயே இருக்கும். முனைகளில் நேர்–எதிர்க் குறிகளுக்குப் பதிலாக L, N என்ற எழுத்துகள் இருக்கும். அவற்றின் ஒவ்வொரு சால்டர் புள்ளியும் உயிரோடு இருக்கும் வீட்டு மின்சாரம். மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், கைக்கெட்டும் விளக்கில், அதை வைக்கவே கூடாது.

நான் தேர்ந்தெடுத்தது 30 எல்இடிகள் கொண்ட பலகை: பத்துப் பத்தாக மூன்று வரிசைகள். மின்னழுத்தம் ஏறக்குறைய பழையதே. ஆனால் 300 மில்லிஆம்பியர் மூன்றாகப் பிரிவதால் வரிசைக்கு 100தான். எல்இடி ஒவ்வொன்றும் முன்பு சுமந்ததில் மூன்றில் இரண்டு பங்கையே சுமக்கும். ஒரு வரிசை அறுந்தாலும் மற்ற இரண்டும் 150 வீதம் தாங்கிக்கொள்ளும். பழைய பலகை முதல் நாளிலிருந்தே சுமந்த அளவு அது.

நிறத்தைப் பெரியம்மாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். “கண் கூசாமல் இருக்க வேண்டும், தாள் தாளாகத் தெரிய வேண்டும்” என்றார். அவர் படிப்பது இரவில் என்பதால் 3,000 கெல்வின் கொண்ட வெதுவெதுப்பான வெள்ளையும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான குறியீடு 90 உள்ளதுமாகப் பார்த்து எடுத்தேன். சாதாரணப் பலகைகளில் அந்தக் குறியீடு 80 அளவில் இருக்கும். பழைய ஓவியப் புத்தகங்களைப் புரட்டும்போது வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

பொருத்தியது

புதிய பலகையின் விட்டம் 78 மில்லிமீட்டர், பழையது 80. திருகுத் துளைகள் ஒத்துவரவில்லை. அலுமினியத் தட்டில் புதிதாக மூன்று துளைகள் போட்டு, பிசிறைச் சீவி, துகள்களைத் துடைத்தேன். ஒரே ஒரு துகள் பலகைக்கு அடியில் சிக்கினாலும் அது பலகையைத் தூக்கிப் பிடித்து வெப்ப வழியைக் கெடுக்கும். புதிய பலகையில் திருகுத் துளையை ஒட்டியே செம்புத் தடம் ஓடியதால், திருகுத் தலைகளுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்தேன்.

வயரைப் பலகையோடு சால்டர் செய்வதைப் பலகையைத் தட்டில் ஏற்றுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். ஏற்றிவிட்டால் தலை முழுவதும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஈயம் உருகாது, உருகினாலும் ஒட்டாது. பலகையை மரத்துண்டின் மேல் வைத்து, முனைகளில் முதலில் ஈயம் பூசி, வயரின் நுனியிலும் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடுதல். சிவப்பு நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. நல்ல பற்று பளபளவென்று வயரைச் சுற்றிச் சரிந்து நிற்கும். உருண்டையாக நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று பொருள்.

வெப்பப் பசையை மெல்லிய படலமாக, இம்முறை ஓரம் வரை, இழுத்துத் தடவினேன். பசை கூடுதலாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொடாத நுண்ணிடைவெளிகளை நிரப்பத்தான் பசை. தடிமனாகத் தடவினால் அதுவே தடை. மூன்று திருகுகளையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்கினால் பலகை ஒரு பக்கம் தூக்காமல் சமமாக அமரும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியால் பிளக்கின் கால்களுக்கும் உலோக உடலுக்கும் இடையே பார்த்தேன். கசிவு இல்லை. பலகையின் முனைகளுக்கும் அலுமினியத் தட்டுக்கும் இடையே மல்டிமீட்டரின் உயர்ந்த அளவையில் பார்த்ததிலும் தொடர்பு இல்லை.

அளவுகள்

எரியவிட்டதும் 298 மில்லிஆம்பியர், 29.0 வோல்ட். பெருக்கினால் 8.6 வாட். ஒரு மணி நேரம் கழித்து மின்னழுத்தம் 28.3க்கு இறங்கி அங்கேயே நின்றது. எல்இடி சூடேறியதன் அடையாளம் இது. இறங்கிக்கொண்டே போனால் வெப்பம் வெளியேறவில்லை என்று அறியலாம். பலகையின் விளிம்பில், எல்இடிகளை ஒட்டி, 57 டிகிரி செல்சியஸ். தலையின் பின்புறமும் நன்றாகச் சுட்டது. அது நல்ல அறிகுறி. பின்புறம் சில்லென்று இருந்து பலகை மட்டும் கொதித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூடியைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டவில்லை. மூன்று இடங்களில் மட்டும் சிலிக்கானை ஒரு துளி வைத்தேன். படிக்கும் அறை விளக்குக்குத் தூசியைத் தடுத்தால் போதும். குளியலறையிலோ வெளிச்சுவரிலோ இருக்கும் விளக்கென்றால் இப்படி விட முடியாது. நீர் புகாதபடி அடைத்த விளக்குகளில் அந்த அடைப்பே பாதுகாப்பு. அதைத் திறந்துவிட்டுப் பழையபடி மூட முடியாது என்றால், அங்கே ‘மாற்ற முடியாது’ என்ற வாசகத்துக்கு நான் கட்டுப்படுவேன். தனிமைப்படுத்தாத டிரைவர் கொண்ட விளக்குகளும், பலகையிலேயே வீட்டு மின்சாரம் ஓடும் விளக்குகளும் பயிற்சி பெற்றவரின் கைக்குத்தான் போக வேண்டும்.

இந்த விளக்கில் அடுத்துப் போகக்கூடியது டிரைவர். அதற்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கி சூட்டில் மெல்ல மெல்ல உலரும். வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. போட்டதும் எரிய நேரம் எடுத்தாலோ, ஒளி துடித்தாலோ, முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது யார் திறந்தாலும் தேடாமல் கிடைக்கும்படி, அடிப்பாகத்தின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன்: டிரைவர் 300 மில்லிஆம்பியர், 24–36 வோல்ட், தனிமைப்படுத்திய வகை மட்டும், பலகை 10 தொடர், 3 இணை, 3,000 கெல்வின், திருகுகள் ரப்பர் பாதங்களுக்கு அடியில்.